முற்றவெளியும் வெறுங்காணியும்: திருகோணமலை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னேரம் ஐந்து மணிக்கு முற்றவெளியில் போய் நின்றால் திருகோணமலையில் பாதிப்பேரைக் கண்டுவிடலாம். ஒரு மூலையில் பொடியன்கள் பந்தடிப்பார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலில் இருந்து நெற்றி நிறைய நீறோடு அம்மாமார் வருவார்கள். கோட்டைப் பக்கமிருந்து புள்ளிமான்கள் நாலைந்து வரிசையாய் நடந்து வந்து, வாகனம் வருகிறதா என்றுகூடப் பாராமல் வீதியைக் கடக்கும். சந்தைப் பக்கத்துக் குப்பையில் முகத்தைப் புதைத்து, வாழைப்பழத் தோலோடு சேர்த்து அதைச் சுற்றியிருந்த பையையும் மெல்லும். வெளியூர்க்காரர்கள் மான்களைப் படம் எடுப்பார்கள். ஊர்க்காரர்கள் பொலித்தீனைப் பார்த்து "ச்சு" கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த வெளியை விளையாட்டுக்கென்று யாரும் திட்டமிடவில்லை. கோட்டைக்கு முன்னால் எதுவும் கட்டக்கூடாது என்று ஒரு காலத்தில் ஆண்டவர்கள் நினைத்ததால் மிஞ்சியது இது. பீரங்கிக்குத் தடையில்லாத பார்வை வேண்டும். எதிரி ஒளிந்து வர ஒரு மரமோ சுவரோ இருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்து முற்றவெளி, கொழும்பின் காலிமுகத்திடல் எல்லாவற்றுக்கும் பிறப்புக் கதை இதுதான். அச்சத்துக்காக வெறுமையாக்கிய நிலத்தில் இன்று பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

நகரத் திட்டமிடலில் ஒரு சமூகத்தின் மதிப்புகள் எப்படி மாறி மாறிப் பதிகின்றன என்பதே இந்த ஆய்வின் கேள்வி. வழக்கமாக இதற்குக் கட்டடங்களைப் பார்ப்பார்கள்: கோபுரம், கச்சேரி என்கிற அரச அலுவலகம், மணிக்கூண்டு, ஹோட்டல். திருகோணமலையில் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். மறுபாதி வேறொரு கேள்வியில் இருக்கிறது. ஒவ்வொரு காலமும் எந்த நிலத்தை "வெறுங்காணி" என்று எழுதிக்கொண்டது? அந்த வெறுமைக்குள் அப்போது யார் இருந்தார்கள்?

இடம்

ஊரின் அமைப்பைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருகோணமலைப் பட்டினம் இரண்டு நீருக்கு நடுவில் ஒரு கழுத்தைப் போல் கிடக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உள்துறைமுகம். கிழக்குக் கரையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது கோணமலை. அதன் உச்சியில் கோணேசர் கோயில், அடியில் கோட்டை. கோட்டையைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போகலாம். கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. அர்ச்சனைத் தட்டோடு போகிறவர் முகாமுக்குள்ளால் நடந்துதான் சுவாமியைப் பார்க்கிறார். இந்த ஒரு வழியை வைத்தே ஊரின் நானூறு வருடத்தைச் சொல்லிவிடலாம்.

கோயிற்கல், கோட்டைக்கல்

ஞானசம்பந்தர் பாடிய தலம் இது. கடல்வழி வந்தவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்த கோயில். ஊர் அந்தக் கோயிலைச் சுற்றியே தன்னை அடுக்கிக்கொண்டிருந்தது. 1622-ல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். 1624-ல் அதே கல்லைக்கொண்டு கோட்டை எழுப்பினார்கள். கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லும், குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் சிதைந்த தமிழ் வரிகளும் இன்றும் உண்டு. கோயிற் கல்லைச் சுவரில் வைத்துக் கட்டியவனுக்கு அது வெறுங்கல். ஊர்க்காரனுக்கு நானூறு வருடமாக அது அழியாத எழுத்து.

பிறகு ஒல்லாந்தர், இடையில் கொஞ்சம் பிரெஞ்சுக்காரர், 1795-ல் இங்கிலீசுக்காரர். கோட்டைக்கு 1803-ல் பிரெட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். கை மாறினாலும் கோட்டை வைத்திருப்பவனின் கண் மாறவில்லை. அவன் நிலத்தைச் சுடுதூரத்தால் அளந்தான். ஊர் அந்தத் தூரத்துக்கு அப்பால் தள்ளி உட்கார வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கட்டம் 1950. நகரசபை குடிநீருக்காகக் கிணறு வெட்டுகிறது. மண்வெட்டியில் சாமிகள் தட்டுப்படுகிறார்கள். இடிப்புக் காலத்தில் புதைத்துவைத்த பழைய விக்கிரகங்கள், சிவனும் பார்வதியும் பிள்ளையாரும், வெளியே வந்தன. ஊர் அவற்றை ஊர்வலமாக எடுத்துப் போயிற்று. பிறகு கோயில் எழும்பி 1963-ல் கும்பாபிஷேகம் நடந்தது. எவரும் தொடாத வெறுநிலம் என்று நினைத்துத் தோண்டிய இடத்தில் ஊர் தன் சொத்தைப் புதைத்து வைத்திருந்தது. இந்த நகரத்தில் எந்தக் காணியையும் "ஒன்றுமில்லாத காணி" என்று சொல்ல முதல் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

துறைமுகத்துக்கு ஒரு ஊர், சனத்துக்கு ஒரு ஊர்

வெள்ளைக்காரனுக்குத் திருகோணமலை என்றால் துறைமுகம். பெரிய கப்பற்படை முழுவதும் ஒளிந்து நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறை. ஆனால் வணிகத்துக்கு அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1875-ல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினான். தேயிலை மலைநாட்டில் விளைந்தது, தெங்கு மேற்கே விளைந்தது, பணம் மேற்கே போனது. இங்கே மிஞ்சியது கடற்படை. அதனால்தான் உலகத்தின் நல்ல துறைமுகங்களில் ஒன்றை வைத்துக்கொண்டும் திருகோணமலை ஒருபோதும் கொழும்பைப் போல் வியாபாரப் பட்டினம் ஆகவில்லை.

கடற்படையின் மதிப்பு முறை தெளிவானது. உள்துறைமுகத்தின் நல்ல கரை முழுவதும் அவர்களுக்கு. உயர்ந்த இடமெல்லாம் அதிகாரிகளின் பங்களாவுக்கு. நடுவில் ஒடுங்கிய தரையில் கடைத்தெருவும் குடியிருப்பும். 1927-ல் கல்ஓயாச் சந்தியில் இருந்து ரயில் வந்தது. அதே காலத்தை ஒட்டிச் சீனக்குடாக் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் முளைத்தன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். 800 ஏக்கருக்கு மேற்பட்ட காடு. மேலிருந்து பார்ப்பவன் கண்ணில் படக்கூடாதென்று மரங்களுக்கு இடையில் இடைவெளி விட்டு விட்டுக் கட்டியிருந்தார்கள். 1942 ஏப்ரல் 9-ல் யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. அப்போது ஊர் வெறிச்சோடிப் போனதாக என் பாட்டி சொல்லுவா. "குண்டு கப்பலுக்குத்தான் போட்டவங்கள், ஆனா பயம் எங்களுக்கெல்லே" என்பது அவவின் கணக்கு.

1957-ல் தளம் இலங்கையிடம் வந்தது. கொடி மாறியது, வேலி மாறவில்லை. படகுத்துறை, குன்றுகள், துறைமுக விளிம்பு ஆகியவற்றின் பெரும்பகுதி இன்றும் படையினரிடம்தான். கடல் இரண்டு பக்கமும் இருந்தும் ஊரவன் உள்துறைமுகத்தின் நீரைத் தொட வேண்டுமானால் ஒரு சின்னத் துண்டுக் கரையைத்தான் தேடிப் போக வேண்டும். சுதந்திரம் வந்தவுடன் நகரத்தின் வடிவமும் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பது பிழை. காணி உறுதி நாட்டுக் கீதத்தைவிட மெதுவாகத்தான் மாறும்.

பழைய கல்லறைத் தோட்டத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். புனித ஸ்டீபன் கல்லறையில் இங்கிலீசு எழுத்தாளர் ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்டின் கிடக்கிறார். 1852-ல் பர்மாப் போரின்போது இறந்தவர். பட்டினத்துக்குள் காணி விலை ஏறி ஏறிப் போனாலும் அந்தக் கல்லறைகளை ஒருவரும் அசைக்கவில்லை. செத்தவர்களுக்குக் கிடைத்த அந்த மரியாதை உயிரோடிருந்த சில ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு அதற்கு வருகிறேன்.

63½ பாகை

1914-ல் கொழும்புக்குப் பிளேக் வந்தது. அடுத்த வருடமே, 1915-ல், வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அரசாங்கம் முதன்முறையாக ஒரு சாதாரண ஆளின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. யன்னல் எத்தனை அடி, கூரை எவ்வளவு உயரம், மலசலகூடம் எங்கே, பின்பக்கம் எவ்வளவு வெளி. பிற்காலச் சட்டங்களிலும் தொடரும் ஒரு விதி உண்டு: வீட்டின் பின் எல்லையில் நிலமட்டத்தில் இருந்து 63½ பாகையில் ஒரு கோடு இழுத்தால், கட்டடத்தின் எந்தப் பகுதியும் அந்தக் கோட்டை வெட்டக்கூடாது. கணக்குப் பார்த்தால் சுலபம். பின்வெளி பத்தடி என்றால் கட்டடம் இருபது அடிக்கு மேல் ஏறக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வெயில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இந்த விதியில் ஒரு மரியாதை உண்டு. வரைபடத்தில் வெறும் சாய்கோடாகத் தெரிவது, "உன் சுவரின் நிழல் என்னுடைய விஷயமும்தான்" என்று ஒரு சமூகம் ஒப்புக்கொண்ட இடம். கோட்டைக்காரன் வெளி கேட்டது சுடுவதற்கு. இந்தச் சட்டம் வெளி கேட்டது மூச்சு விடுவதற்கு. இடையில் மனிதர் பற்றிய எண்ணம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அந்த இரண்டு வெளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

பெயர் பெற்ற பெருந்திட்டங்கள் கொழும்புக்குத்தான் போயின. 1921-ல் பற்றிக் கெடிஸ் அதைத் தோட்ட நகரமாகக் கனவு கண்டார். 1946-ல் நகர, நாட்டுத் திட்டமிடல் சட்டமும், 1978-ல் நகர அபிவிருத்தி அதிகார சபையும் வந்தன. 1986-ல் அந்தச் சபையின் ஒழுங்குவிதிகள் வெளியாகின. நகரத்துக்குள் வீடு கட்டும் துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது என்றன அவை. நம் கணக்கில் ஏறக்குறைய ஆறு பேர்ச்.

இந்த ஆறு பேர்ச்தான் எங்கள் வீட்டில் ஒரு வருடம் சண்டை மூட்டியது.

வளவு துண்டான கதை

கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னுக்கு ஒரு சின்ன வீட்டில் ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு. எந்தத் திட்டமிடலாளரும் எழுதாத திட்டம் இது. ஆனால் எங்கள் ஒழுங்கைகளின் அகலம், கிணறுகளின் இடம், ஒரு வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மூக்கோடு சனம் இருப்பது, எல்லாவற்றையும் தீர்மானித்தது இதுதான்.

அம்மம்மாவுக்கு நாற்பது பேர்ச் வளவு. கால் ஏக்கர். மூன்று பெண்கள். ஆளுக்குப் பதின்மூன்று சொச்சம். பெரியம்மாவின் பங்கில் பழைய வீடும் ஒரு பலாவும் ஒரு கிணறும். அவவுக்கு இரண்டு பெண்கள். பாதைக்கு விட்டது போக மீதியை இரண்டாக்க நில அளவையாளர் வந்தார். நாடாவை இழுத்தார், எழுதினார், மறுபடி இழுத்தார்.

"அம்மா, ஒரு துண்டுக்கு ஐஞ்சே முக்கால்தான் வருது. ஆறு வேணும்."

பெரியம்மா பலாவின் கீழே கதிரையில் இருந்தா. "தம்பி, பிள்ளை என்ன தென்னந்தோட்டமே வைக்கப் போறாள்? குந்தி இருக்க ஒரு வீடு கட்டத்தானே கேக்கிறன்."

"எனக்கு விளங்குது அம்மா. ஆனா பிளான் பாஸ் ஆகாது."

"அந்தச் சட்டம் எழுதின ஆளுக்குப் பொம்பிளைப் பிள்ளையள் இல்லைப் போல."

நில அளவையாளர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு அன்றோடு சரி. அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்கு நான் நடந்த நடையை எண்ணினால் கோணமலையைப் பலமுறை ஏறி இறங்கியிருக்கலாம். ஒருமுறை வீதிக்கோடு காட்டவில்லை என்றார்கள். காட்டினேன். அடுத்தமுறை பழைய உறுதியின் எல்லை புதிய அளவோடு பொருந்தவில்லை என்றார்கள். மூன்றாம்முறை கோப்பையே காணவில்லை. கடைசியில் சின்னம்மா தன் பங்கில் இருந்து ஒரு கீற்றை விட்டுக்கொடுத்தா. பலா போனது. இரண்டு துண்டும் ஆறு பேர்ச்சைத் தொட்டன.

இதை வெறும் வீட்டுக்கதையாகச் சொல்லவில்லை. சட்டம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. துண்டு சின்னதானால் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் தூரம் போதாது. எங்கள் மணல் தரையில் ஒருவர் குழியின் நீர் மற்றவர் கிணற்றுக்குப் போகக் கனகாலம் எடுக்காது. பெரியம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மகள் தாயின் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்பது இந்த ஊரின் ஆழமான மதிப்புகளில் ஒன்று. முதுமைக்கு அதுதான் காப்புறுதி. சட்டத்துக்கு உறவுமுறை தெரியாது, சீதனத்துக்குச் சுகாதாரம் தெரியாது. இரண்டும் ஐந்தே முக்கால் பேர்ச்சில் வந்து முட்டின.

இப்போது இன்னொரு மாற்றமும் தெரிகிறது. ஒரு தங்கை கனடாவில், மச்சாள் அவுஸ்திரேலியாவில். சீதன வளவு பூட்டிக் கிடக்கிறது, அல்லது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கென்று மாடியாக எழும்புகிறது. பெரியம்மா பாடுபட்டுச் சேர்த்த ஆறு பேர்ச்சில் ஒன்று இன்றுவரை புல். அடுத்த தலைமுறையின் வரைபடத்தை விசா எழுதும் போலிருக்கிறது.

யாருடைய முகம் தெரிய வேண்டும்

சுதந்திரத்துக்குப் பிறகு மாவட்டத்தின் வரைபடத்தை மாற்றியது நகரத் திட்டத்தைவிடக் குடியேற்றத் திட்டம். கந்தளாய், அல்லை என்று குளத்தோடும் வாய்க்காலோடும் வந்தன. நீர்ப்பாசனமும் நெல்லும் நாட்டின் பெருமையாகப் பேசப்பட்ட காலம். அந்தப் பேச்சில் காடு "வெறுங்காணி". அதைச் சுற்றி இருந்த தமிழ், முஸ்லிம் ஊர்களுக்குத் தங்கள் மேய்ச்சலும் குளமும் எதிர்காலமும் அதற்குள் இருந்தன. 1911 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் சிங்களவர் நான்கு வீதத்துக்கும் குறைவு. 2012-ல் ஏறக்குறைய 27 வீதம். அங்கே பிறந்து வளர்ந்த விவசாயியின் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமில்லை. அரசு ஒரு வாய்க்காலை வெட்டும்போது தண்ணீரோடு சேர்த்து வாக்கையும் திருப்புகிறது என்பதை மறைத்து எழுத முடியாது என்பதே.

பட்டினத்துக்குள் இந்தப் போட்டி கண்ணுக்குத் தெரியும் இடங்களைத் தேடியது. இதற்கு முந்தைய தலைமுறை தன் மதிப்பைப் பள்ளிக்கூடங்களில் கட்டியிருந்தது. மிஷன் பள்ளிகளுக்கு ஈடாக இந்துக் கல்லூரியும், 1923-ல் பெண்பிள்ளைகளுக்குச் சண்முகா பாடசாலையும் எழும்பின. அவற்றைச் சுற்றி வீதிகளே உருவாகின. பிந்திய காலம் சந்திகளில் தன்னை எழுதிக்கொண்டது. 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் பக்கத்தில் இரவோடிரவாகப் புத்தர் சிலை ஒன்று வந்தது. ஊர் கடையடைப்பில் கிடந்தது, சிலையைச் சுற்றிப் பாதுகாப்பு நின்றது. நகரின் எல்லாச் சனமும் தினமும் கடக்கும் இடம் அது என்பதால்தான் அது தெரிவாயிற்று. ஒரு சிலைக்கு நிலமாகத் தேவைப்படுவது சில அடிதான். அது பிடிக்கும் பார்வையின் பரப்பை எந்த நில அளவையாளரும் நாடாவால் அளக்க முடியாது.

2020-ல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தார். தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. மூன்று சமூகங்களும் வாழும் மாகாணத்தின் பழமைக்கு யார் காவல் என்ற கேள்விக்கு அந்தப் பெயர்ப்பட்டியலே பதில் சொல்லிவிட்டது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிறவர் இப்போது தண்ணீரின் சூட்டைப் பார்க்க முதல் தொல்லியல் துறையின் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார்.

ஆளை எடுத்துவிட்டால் காணி வெறுமையாகும்

கல்லறைகளைப் பற்றிச் சொல்லும்போது பிறகு வருகிறேன் என்றது மூதூர் கிழக்கில் உள்ள சம்பூர் என்ற ஊருக்காக. 2006-ல் சண்டை. சனம் மட்டக்களப்பு முகாம்களுக்கு ஓடியது. 2007-ல் மூதூர் கிழக்கு உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு முதலீட்டு வலயம், அனல்மின் நிலையம் என்று பேச்சு. காகிதத்தில் சம்பூர் இப்போது அருமையான வெறுங்காணி: ஆழ்கடல் பக்கத்தில், குடியிருப்பு இல்லை. குடியிருப்பு ஏன் இல்லை என்பதற்கு அந்தக் காகிதத்தில் கட்டம் கிடையாது. சனம் ஒன்பது வருடம் தரப்பாள் கொட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. 2015-ல் 818 ஏக்கர் திரும்பியது, கடற்படை முகாம் இருந்த காணி அதற்குப் பிறகு திரும்பியது. 2016-ல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025-ல் அதே பெயரில் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கரியில் இருந்து வெயிலுக்கு. மதிப்பு மாறியிருக்கிறது, நல்லதுதான். மின்சாரத்தை எப்படி ஆக்குவது என்பதில் மாறிய அளவுக்கு, யாரைக் கேட்டு ஆக்குவது என்பதிலும் மாறியிருக்கிறதா என்று சம்பூர்ச் சனத்திடம்தான் கேட்க வேண்டும்.

சுனாமியின்போதும் இதே பாடம். 2004 மார்கழி 26-க்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் கட்டத் தடை என்றார்கள். அலை வந்தது ஒன்றுதான், அளவுகோல் இரண்டு. கடற்றொழிலாளியின் வள்ளம் கரையில், வீடு உள்ளே. இரவில் காற்று மாறினால் வள்ளத்தை இழுக்க அவன் ஓடிவர வேண்டிய தூரத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் விதி தளர்ந்தது.

பாதையில் இருந்து பாலத்துக்கு

எங்கள் பக்கத்தில் "பாதை" என்றால் வெளியூரார் தெரு என்று நினைப்பார்கள். நாங்கள் சொல்வது களப்பைக் கடக்கும் இழுவைப் படகை. கிண்ணியாவுக்குப் போக முன்பு பாதைதான். பஸ், மாட்டுவண்டி, கலியாணக் கோஷ்டி, பிரசவ வேதனையில் துடிக்கும் பெண், எல்லோரும் ஒரே வரிசை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது, 396 மீற்றர். மட்டக்களப்பு வீதியில் இருந்த மற்றப் பாதைகளும் அடுத்த ஓரிரு வருடங்களில் பாலமாகின. போருக்குப் பிந்திய கட்டுமானங்களில் மூன்று சனமும் ஒருமிக்க நன்றி சொல்லக் கேட்டது இந்தப் பாலங்களுக்குத்தான். சிலைக்குச் சண்டை வரும், பாலத்துக்கு வராது.

ஆனால் கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுகிற வேலை இழுபட்டது. அதுவரைக்கும் சனம் மிதவையில் கடந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தண்ணீருக்குள். திட்ட அறிக்கைகளில் "கட்டுமானக் காலம்" என்று ஒரு வரி வரும். அந்தக் காலத்திலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள் என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

இப்போது

போன பத்தாண்டில் சிங்கப்பூரின் சுர்பனா ஜுரோங் நிறுவனம் திருகோணமலைக்கு ஒரு பெருந்திட்டம் வரைய அமர்த்தப்பட்டது. 2022 ஜனவரியில் சீனக்குடாவின் 99 தாங்கிகளில் 61-ஐ இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், 51-க்கு 49 பங்கு. காட்டுக்குள் ஒளித்துவைத்த கடற்படைத் தாங்கிகள் இன்று முதலீட்டுப் பட்டியலின் முதல் பக்கத்தில். ஒளிப்பதற்காகக் கட்டியதைக் காட்டுவதற்காகத் திறக்கிறார்கள். உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரைக்கும் கடற்கரை உல்லாசப் பயணிகளுக்கு. ஒரு காலத்தில் எதிரி இறங்கக்கூடும் என்று பயந்த கரை, இப்போது எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுகிற கரை.

இங்கேதான் பழைய பிழை மறுபடி வருமோ என்று எனக்குப் பயம். கரைவலைக்காரனுக்குக் கடற்கரை மணல் அல்ல, அது "பாடு". இன்ன இடத்தில் இருந்து இன்ன இடம் வரை இன்னாருடைய பாடு, வலை விடும் முறை இன்னாருக்கு அடுத்து இன்னாருக்கு. தலைமுறையாகக் கைமாறி வரும் உரிமை. வேலி இல்லை, கல் இல்லை, கண்ணுக்குத் தெரியாது. கிழக்குக் கடல் கச்சான் காற்றுக் காலத்தில் அமைதி. அப்போது நீர்கொழும்பில் இருந்துகூட ஆட்கள் வந்து வாடி என்கிற தற்காலிகக் கொட்டில் போட்டுத் தொழில் செய்வார்கள். வாடைக் காற்று அடித்தால் வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். மார்கழியில் ஒருவர் வந்து அளந்தாலும், மேலிருந்து படம் எடுத்தாலும், கரை துடைத்து வைத்ததுபோல் இருக்கும். வைகாசியில் வந்தால் நடக்க இடமிருக்காது. கரையை எந்த மாதத்தில் பார்த்தார் என்பதிலேயே திட்டக்காரரின் முடிவில் பாதி போய்விடும்.

இந்தக் கட்டுரைக்காகப் போன வைகாசியில் வடக்குக் கரையால் நடந்தேன். விடிந்து கொஞ்ச நேரம். இருபது பேர் இரண்டு வரிசையாக வலைக்கயிற்றை இடுப்பில் கொழுவிப் பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு சொல் சொல்ல எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள், அடுத்த சொல்லுக்கு விடுவார்கள். கயிறு போன வழியில் மணலுக்குள் ஒரு அளவைக் கட்டை நட்டிருந்தது. தலைப்பில் சிவப்பு மை, ஒரு எண்.

"ஐயா, இது என்ன கட்டை?" என்று கேட்டேன்.

வரிசையின் கடைசியில் நின்ற முதியவர் கயிற்றை விடாமலே திரும்பிப் பார்த்தார். "ஆரோ வந்து நட்டவங்கள் தம்பி. ஒண்டும் சொல்லேல்ல."

கயிறு கட்டையில் உரசிக்கொண்டு போயிற்று. அவர் வரிசையை விட்டு வந்து, வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி அந்தக் கட்டையில் கொழுவிவிட்டு, முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்தார்.